ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, என்ன காரணம்?

அப்பாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், டெங்கு, மலேரியா, டைபாய்டு எதுவும் இல்லை, மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் இறங்கவில்லை, தினமும் வயலுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு என் சித்தி ஞாபகம்தான் வந்தது. நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

சித்திக்கு மார்கழியில் காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் நான் ஊருக்குப் போனபோது கண் சிவந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 80,000 ஆகக் குறைந்திருந்தன. ரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பியதில் ஒரு கிருமியும் வளரவில்லை. "உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா சித்தி?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அக்குள், மார்புக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். பாவாடை நாடாவைத் தளர்த்தியபோது இடுப்பில் இருந்தது: கடலைப்பருப்பு அளவு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், பீடி நெருப்புப் பட்டது போல. "அதுவா? நாடா உரசினது. வலிக்கவே இல்லையே."

வலிக்காது. அதனால்தான் யாரும் சொல்வதில்லை. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. செய்தித்தாள்களில் உண்ணிக்காய்ச்சல் என்று போடுகிறார்கள், ஆனால் நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கும் மைட் என்ற, சிலந்தி வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரின் குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அளவு. உடை இறுகியிருக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். அதன் வாழ்நாளில் விலங்கையோ மனிதனையோ கடிப்பது குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே முறை. அப்படியென்றால் கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக. படிக்கும்போது என்னை அசர வைத்த விஷயம் இது.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. முன்பு ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாப் பேரினத்தில் சேர்த்திருந்தார்கள், 1995இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். வளர்ப்புப் புட்டியில் ஒன்றும் வராததற்குக் காரணம் அதுதான். ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஓடு பதித்தது போல இருக்கும் செல்களுக்குள் புகுந்துகொள்ளும். அந்தச் செல்கள் நோக நோகக் குழாய் கசியும். கசிவு நுரையீரலில் சேர்ந்தால் மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகமும் சேர்ந்து படுக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டவர்கள் ஐ.சி.யு.வில் போய் நிற்பது இப்படித்தான்.

ஊசி கேட்காததற்கு வருகிறேன். செஃப்ட்ரியாக்சோன், பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் பாக்டீரியாவைத் தன் செல்சுவரைக் கட்டவிடாமல் கொல்பவை. இந்தக் கிருமிக்குச் சுவர் பேருக்குத்தான் இருக்கிறது, போதாக்குறைக்கு நம் செல்லுக்குள் பதுங்கியும் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் அப்படியில்லை. செல்லுக்குள் போய்க் கிருமியின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். விலை மலிவான பழைய மாத்திரை. அசித்ரோமைசினும் கேட்கும், கர்ப்பிணிகளுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே சுமார் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது.

சித்திக்கு மாத்திரை தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. பொறுக்கமுடியாமல் "மாட்டுக்கு யாரு புல்லறுத்துப் போடுறா?" என்று கேட்டார்.

அப்பாவின் உடம்பை இன்றே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அக்குள், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம், தலைமுடிக்குள்ளும். கூச்சப்பட்டால் அண்ணன் தம்பி யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது, நிறையப் பேருக்குப் பொருக்கே வராது. ஸ்க்ரப் டைபஸுக்கான ஐ.ஜி.எம். எலிசா என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கலாமா, வயலுக்குப் போகிறவர் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முதல் சில நாளில் அந்தப் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும், ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர்கள் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ இரவென்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.