உதட்டுக் கொப்புளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன வாரம் ஒருவரை முத்தமிட்டேன். மறுநாள் பார்த்தால் அவர் உதட்டோரம் கொப்புளம். அன்றிலிருந்து கண்ணாடியும் கையுமாக இருக்கிறேன். (காட்பாடி)

இந்தக் கொப்புளத்தைக் கொண்டுவரும் கிருமியின் பேர் ஹெர்பிஸ். அது புதிதாகத் தொற்றி அறிகுறி வருவதாக இருந்தால், பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் தெரியும். முதலில் ஒரே இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல். பிறகு கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். சிலருக்குக் காய்ச்சலும் ஈறு வீக்கமும் சேர்ந்து வரும். உதட்டின் உட்பக்கம் தனியாக வரும் வெள்ளைக் குழிப்புண் சாதாரண வாய்ப்புண். உதட்டில் எப்போதும் இருக்கும் வலியில்லாத மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பயத்தில் உற்றுப் பார்க்கும்போதுதான் அவை கண்ணில் படுகின்றன.

உதட்டை இழுத்து, தடவி, நாக்கால் ஈரமாக்கிக்கொண்டே இருந்தால் அதுவே சிவந்து எரியும். அந்த எரிச்சலைப் பார்த்து இன்னும் பயம் கூடும். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு முறை பாருங்கள், போதும்.

உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில் வந்தது. உங்களிடமும் ஏற்கெனவே இருக்கலாம். அப்படியானால் உதட்டில் மறுபடி புதிதாகத் தொற்றுவது அபூர்வம்.

லேபில் ஹெர்பிஸுக்கு ரத்தம் பார்த்ததில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. தூக்கமே இல்லை. (ராணிப்பேட்டை)

அந்த ரிப்போர்ட்டை மூடி வையுங்கள். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் நம்பத்தக்க டெஸ்ட் இல்லை; தொற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஐஜிஜி தெளிவாக வர 12 வாரம் வரை ஆகலாம். அதுவும் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லாது. கொப்புளம் வந்தால் மட்டும், பொருக்கு கட்டுவதற்குள், முதல் 48 மணி நேரத்தில், அதன் நீரைப் பஞ்சுக்குச்சியால் எடுத்து பிசிஆர் (கிருமியின் மரபணுவையே தேடும் டெஸ்ட்) பார்க்கச் சொல்லுங்கள்.

டீக்கடை கிளாஸில் தொற்றுமா? (ஆற்காடு)

வாய்ப்பு மிகக் குறைவு. இது தோலோடு தோல் உரசிப் பரவும் கிருமி. சோப்பு பட்டால் சிதையும். கிளாஸை விட, கொப்புளம் உள்ளவரோடு வாய்வழி உறவுதான் ஆபத்து, பிறப்புறுப்பிலும் தொற்றிவிடும்.

என் குழந்தைக்கு 20 நாள். உதட்டில் புண்ணோடு நாத்தனார் முத்தம் கொடுத்துவிட்டார். (குடியாத்தம்)

மற்றவர்களிடம் பொறுங்கள் என்கிறோம், உங்களிடம் சொல்ல மாட்டோம். இன்றே குழந்தைகள் டாக்டரிடம் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். காய்ச்சல், பால் குடிக்காமை, துவண்டு கிடப்பது, வலிப்பு, தோலிலோ கண்ணருகிலோ கொப்புளம் என எது வந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். புண் ஆறும்வரை நாத்தனார் குழந்தையைத் தூக்க வேண்டாம். மனசு கோணினால் கோணட்டும்.

வெயில் காலத்தில் வருஷா வருஷம் வருகிறது. மண் பூசி அக்கி எழுதினால் போய்விடுகிறது. (வாலாஜாபேட்டை)

எழுதாவிட்டாலும் 7 முதல் 10 நாளில் போய்விடும்; பேர் மட்டும் மண்ணுக்கு. ஈரப் புண்ணில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். வேலூர்ப் பக்கத்து வெயில் கிருமியைக் கிளப்பிவிடும். மதியம் தலையில் துண்டு, உதட்டில் வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 லிப் பாம். குறுகுறுப்பு தொடங்கிய அன்றே டாக்டர் சீட்டோடு மாத்திரை எடுத்தால்தான் பலன்; பொருக்கு கட்டியபின் வீண். மெடிக்கல் ஷாப்பில் தானாக எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் வேண்டாம். புண்ணைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் டாக்டரைப் பாருங்கள்; வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பார்வைக்கே ஆபத்து.