சிறப்புப் பள்ளி விண்ணப்பத்துக்கு முன் ஒரு தூக்க ஈஈஜி

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள்; ஐஎஸ்ஏஏ (ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) மதிப்பெண் 112. ஆட்டிசக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் படிவம் வாங்கி வைத்திருக்கிறோம். அங்கே சேர்த்தால் முத்திரை விழுந்துவிடும், பிறகு சாதாரணப் பள்ளிக்கு வரவே முடியாது என்று மாமியார் அழுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. கையை உதறுவதை எப்படி நிறுத்துவது? பால், கோதுமையை நிறுத்த வேண்டுமா? தடுப்பூசியால் வந்ததா? உடம்பில் சேர்ந்த உலோகத்தை எடுக்கும் மருந்து ஆன்லைனில் கிடைக்கிறதாமே? பள்ளிக்கு அழைத்துப்போகும் நாளில் அடங்கி உட்கார சளி சிரப் கொடுக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். இன்னொன்று, தண்ணி, மம்மு, போலாம் என்று பத்துப் பதினைந்து வார்த்தைகள் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக அதுவும் இல்லை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. காதில் அழுக்கு இருக்கும் என்று சொட்டு மருந்து விடுகிறோம். சில சமயம் சாப்பிடும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது. – வாசகி, தாம்பரம்

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, இந்த வாரமே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் மகனைக் காட்டுங்கள்.

ஆட்டிசத்தில் வந்த பேச்சு பின்வாங்குவது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில் நடப்பது. ஐந்தரை வயதில், இருந்த வார்த்தைகள் இரண்டே மாதத்தில் போவதை "ஆட்டிசம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பாததும், கை நடுவில் நின்றுபோவதும் அதோடு சேர்ந்து வரும்போது வலிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கை கால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு அல்ல. சில விநாடி உறைந்து நிற்பதும், இமை படபடப்பதும், வாயை மெல்லுவதுபோல அசைப்பதும்கூட வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம் வருகிறது.

லாண்டோ-கிளெஃப்னர் என்று ஓர் அரிய நோய் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் தொடங்கும். மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியில், முக்கியமாகத் தூக்கத்தில், ஓயாமல் மின்கோளாறு நடக்கும். காது கேட்கும்; ஆனால் சொல் புரியாது. வீட்டில் உள்ளவர்கள் காது அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இருந்தால் மருந்து உண்டு, தள்ளிப்போடப் போடப் பேச்சு திரும்புவது கடினமாகும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இந்தப் பெயரைப் போட்டு யூடியூபில் தேடி இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். தேவைப்படுவது ஒரு பரிசோதனை.

அது தூக்க ஈஈஜி, அதாவது தூங்கும்போது மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை. விழித்திருக்கும்போது இருபது நிமிடம் எடுக்கும் ஈஈஜி சரியாக இருக்கிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால், "தூக்கத்தில் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். இந்த வகைக் கோளாறு விழித்திருக்கும்போது தெரியாமல் போகலாம். முந்தின நாள் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது. இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியுமுன் எழுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியில் தூங்கவிட்டால் எல்லாம் வீண். அவனுடைய தலையணையையும் போர்வையையும் எடுத்துப்போங்கள். தலையைத் தொடவே விடமாட்டான் என்றால், இன்றிலிருந்தே தினமும் சில நிமிடம் தலையில் துண்டைச் சுற்றியும், ஈரப் பஞ்சால் உச்சியைத் தொட்டுத் தொட்டு எடுத்தும் பழக்குங்கள். தூங்க மருந்து தேவைப்பட்டால் எடை பார்த்து அங்கேயே கொடுப்பார்கள். நீங்களாக வீட்டில் எதையும் கொடுத்து அழைத்துப்போகாதீர்கள்.

கை நிற்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். முடிந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தெளிந்தவுடன் என்ன செய்கிறான் என்பது மருத்துவருக்கு முக்கியம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை, அதற்கு எப்படியும் திரும்புவதில்லை என்கிறீர்கள். தோளைத் தொடுங்கள், அவனுக்குப் பிடித்த பொருளைக் கண்ணெதிரே நீட்டுங்கள். உடனே திரும்பினானா, அல்லது தன்னால் தெளிந்து விட்ட இடத்திலிருந்தே சாப்பிடத் தொடங்கினானா என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். எப்போதாவது உடல் வெட்டி இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

காதுச் சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். செவிப்பறையைப் பார்க்காமல் சொட்டு விடுவது தவறு, அதில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காதைக் கெடுக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும் குழந்தை திரும்பமாட்டான். மூன்று வயதில் பேரா என்னும் செவித்திறன் பரிசோதனை எடுத்து அது சரியாக இருந்திருந்தாலும் அதையே நம்பியிருக்க வேண்டாம், கேட்கும் திறனை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போனால் இவை எல்லாவற்றுக்கும் வழி காட்டுவார்கள்.

சளி சிரப் விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. தூக்கம் வரவைக்கும் இந்த மருந்துகள், புரோமெதசின் போன்றவை, வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. சில குழந்தைகளுக்கு நேர்மாறாக ஆட்டத்தைக் கூட்டும். மயக்கத்தில் இருக்கும் குழந்தையைப் பார்த்துப் பள்ளிக்காரர்கள் எதைத் தெரிந்துகொள்வார்கள்? அவர்கள் பார்க்க விரும்புவதே அவனுடைய வழக்கமான ஆட்டத்தைத்தான். அடங்கி உட்காரத் தெரியாத குழந்தைகளுக்காகத்தான் அந்தப் பள்ளி நடக்கிறது.

மற்றவை சுருக்கமாக. தடுப்பூசியால் ஆட்டிசம் வராது. பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து முடிவான விஷயம் இது. கையை உதறட்டும், அது அவன் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழி. தன்னையே அடித்துக்கொண்டாலோ கடித்துக்கொண்டாலோ மட்டும் சொல்லுங்கள். பால், கோதுமையை நிறுத்தி ஆட்டிசம் குறைந்ததற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நான்கு பண்டம் மட்டும் சாப்பிடும் குழந்தையிடம் இரண்டைப் பிடுங்கினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும். உலோகம் எடுக்கும் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசத்துக்கென்று அந்தச் சிகிச்சை கொடுக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயம் நின்று இறந்தான். ஸ்டெம் செல் விளம்பரமும் உங்கள் கண்ணில் படும். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல, அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி முத்திரைப் பயம். சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் திரும்பிவர முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பப்படி இலவசக் கல்வி பெறும் உரிமை தருகிறது. பின்னால் சாதாரணப் பள்ளிக்கு மாற்றினால், அரசுப் பள்ளிகளில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவி உண்டு. பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். அந்த வயதில் குழந்தையைத் தடுக்கப்போவது எந்தப் பள்ளியில் படித்தான் என்பது அல்ல. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றோ, வலிக்கிறது என்றோ, வேண்டாம் என்றோ பிறருக்குத் தெரிவிக்கத் தெரியாமல் போவதுதான் தடுக்கும். அதை முறையாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இப்போது சேர்ப்பதே பின்னால் மாறுவதற்கும் வழி. மாமியாரையும் பள்ளிக்கு ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் பெற்றோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "தானாகச் சாப்பிடுவானா?" என்றால் ஆம் என்று டிக் அடிப்பார்கள். அம்மா பிசைந்து, உருட்டி, கையில் வைத்தால் வாயில் போட்டுக்கொள்வான் என்பதுதான் உண்மையாக இருக்கும். அப்படியே எழுதுங்கள். நல்ல நாளில் ஒருமுறை செய்ததை எழுதாதீர்கள். சாதாரண நாளில், உதவியில்லாமல் என்ன செய்கிறானோ அதுதான் கணக்கு. ஐஎஸ்ஏஏ மதிப்பீட்டுக்கும் இதே விதிதான். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 112 நடுத்தரத்தில் வருகிறது. அது இரண்டரை வருடத்துக்கு முந்தைய அறிக்கையாக இருந்தால் பள்ளி புதிதாகக் கேட்கும். ஆனால் புது மதிப்பீட்டை ஈஈஜிக்குப் பிறகு செய்யுங்கள். இப்போதைய நிலையில் எடுத்தால், சிகிச்சையால் திரும்பக்கூடிய பேச்சும் இல்லாத பேச்சாகப் பதிவாகிவிடும்.

யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கைகள் போதும். மருத்துவக் குழு அழைக்கும் நாளில் குழந்தையோடு போக வேண்டும். சிறு வயதில் தற்காலிகச் சான்றிதழ் தந்தால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கையில் வந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அட்டை வரும்வரை பள்ளி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விண்ணப்ப எண்ணையும் நோயறிதல் அறிக்கையையும் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே பள்ளியை நம்பியும் இருக்காதீர்கள். இடம் குறைவு, காத்திருப்புப் பட்டியல் நீளம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் உங்களுக்குத் தொலைவில்லை, அங்கேயும் விசாரியுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீங்களும் அவர்களைக் கேள்வி கேளுங்கள். சிறப்பாசிரியருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா? ஒருவரிடம் எத்தனை குழந்தைகள்? அவனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அதை உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்? பேச்சு இல்லாத குழந்தைக்குப் படம் காட்டிக் கேட்கக் கற்றுத்தருகிறார்களா? அடம்பிடித்தால் என்ன செய்வார்கள்? கட்டிவைப்பது, இருட்டறை, அடி என்று எந்த வடிவத்தில் பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வகுப்பைப் பெற்றோர் நேரில் பார்க்கவே கூடாது என்கிற இடமும் வேண்டாம்.

படிவத்தில் வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். இப்போதைக்கு "சந்தேகம், பரிசோதனை நடக்கிறது" என்று எழுதுங்கள். முடிவு வந்தபின் ஈஈஜி அறிக்கையின் நகலையும், மருந்து ஆரம்பித்திருந்தால் அதன் பெயர், அளவு, நேரத்தையும், வலிப்பு வந்தால் பள்ளியில் என்ன செய்ய வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அலுவலகக் கோப்பில் ஒரு பிரதி, வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பிரதி, வேன் உதவியாளரிடம் ஒரு பிரதி.