சிங்கப்பூர் லைப்ரரில பழைய சீன இலக்கியம் தேடுறவங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: அக்கா, சென்ட்ரல் லைப்ரரில 895.1 தட்டு முழுக்கப் பாத்துட்டேன், கவிதை நாவல் எல்லாம் இருக்கு, கன்பூசியஸ் மட்டும் காணோம்?

பதில்: அங்க தேடினா கிடைக்காதுப்பா. லைப்ரரில புத்தகத்தப் பொருள் பாத்து டூயி நம்பர் போட்டு அடுக்குவாங்க, 895.1ங்கறது சீன இலக்கியத்துக்கு. கன்பூசியஸ், மென்சியஸ் எல்லாரையும் தத்துவம்னு 181ல வச்சிருப்பாங்க, தாவோ ஞானி லாவோ சு சில நேரம் மதம்னு 299க்குப் போயிடுவார், சீமா சியான் எழுதினது வரலாறுங்கறதால 931 பக்கம் பாக்கணும். ஆனா இவங்கள்லாம் எழுதினதும் இலக்கியம்தான், இன்னொரு தாவோ ஞானி ஜுவாங்சிய நாலு பக்கம் படிச்சாலே உங்களுக்குப் புரிஞ்சிடும், அதனால ஒரே தட்டப் பாத்துட்டு இல்லன்னு திரும்பிடாதீங்க.

கேள்வி: கவிஞர் லி பாய் பேரக் கேட்டலாக்ல அடிச்சா ரொம்பக் கம்மியா வருதே?

பதில்: லி போன்னும் அடிச்சுப் பாருங்க. சீனப் பேர இங்கிலீஷ்ல எழுத ரெண்டு முறை இருக்கு: பழைய மொழிபெயர்ப்புகள்ல வேட்-ஜைல்ஸ் ஸ்பெல்லிங், இப்ப வர்றதுல பின்யின், ஆள் ஒருத்தர்தான். இன்னும் சுளுவா வேணும்னா மொழிபெயர்த்தவங்க பேரப் போடுங்க: பர்ட்டன் வாட்சன், ஆர்தர் வேலி, டேவிட் ஹாக்ஸ். ஹாக்ஸ் மொழிபெயர்த்த சிவப்பு மாளிகைக் கனவு நாவல் 'தி ஸ்டோரி ஆஃப் தி ஸ்டோன்'ங்கற பேர்ல இருக்கும், அது தெரியாம நிறைய பேர் இல்லன்னு நினைச்சிடுறாங்க.

கேள்வி: மேடம், அந்த நாவல்லயே ஆரம்பிக்கலாமா?

பதில்: 120 அத்தியாயம், ஹாக்ஸும் ஜான் மின்ஃபோர்டும் சேர்ந்து 5 வால்யூம், இரவல் தர்றதோ 21 நாள், வேண்டாம்! குரங்கு அரசன் கதை வேணும்னா வேலி 1942ல சுருக்கிப் போட்ட 'மங்கி' எடுங்க, முழுசு வேணும்னா ஆன்டனி யூ மொழிபெயர்த்தது, 4 வால்யூம். ஆனா என்னக் கேட்டா தாங் அரச வம்சக் காலத்துக் கவிதைலதான் ஆரம்பிக்கச் சொல்லுவேன். து ஃபூ 757ல, கலகக்காரங்க பிடிச்சு வச்சிருந்த தலைநகர் சாங்ஆன்ல மாட்டிக்கிட்டு இருந்தப்ப எட்டே வரில ஒண்ணு எழுதினார். நாடு உடைஞ்சு போச்சு, மலையும் ஆறும் அப்படியே இருக்குன்னு ஆரம்பிப்பார், வீட்டுலேருந்து ஒரு கடுதாசி வந்தா அது பொன்னுக்குச் சமம்பார், கடைசில சொறிஞ்சு சொறிஞ்சு நரைமுடி கொண்டை ஊசி நிக்காத அளவுக்குக் கொட்டிப்போச்சும்பார். இத்தனை பெரிய போர அந்த ஊசில கொண்டு வந்து நிறுத்திட்டாரு பாருங்க! "வென்றெறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார்"னு பாரி மகளிர் பாடினது தெரிஞ்ச நமக்கு இது நேரா உள்ள இறங்கும்.

கேள்வி: தமிழ்ல ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கு, பயணிங்கற பேர்ல எழுதுறவர் சீனத்தோட பழைய பாட்டுத் தொகுப்பான கவித்தொகைலேருந்து (ஷி ஜிங்) தேர்ந்தெடுத்து சீனத்துலேருந்தே நேரடியா மொழிபெயர்த்திருக்கார். மூலத்துல 305 பாட்டு, காதல், பிரிவு, வயல் வேலைன்னு நம்ம அகப்பாட்டு வாசனை அடிக்கும். கண்டிப்பா படிங்க.

கேள்வி: லீ கோங் சியான்ல இருக்கறத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: முடியாது, அது ரெஃபரன்ஸ் லைப்ரரி, அங்கேயே உக்காந்து படிக்கணும். து ஃபூ மட்டும் போதும்னா ஸ்டீஃபன் ஓவன் மொழிபெயர்த்த மொத்தக் கவிதையும் 6 வால்யூம் இலவச டவுன்லோடா இருக்கு, ஒரு பக்கம் சீனம் எதிர்ப்பக்கம் ஆங்கிலம், இன்னைக்கே இறக்கிக்கோங்க.