ரெசினுக்குள் மங்கும் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியர் ரியூசுகே ஃபுகாஹோரி ரெசினுக்குள் தீட்டும் தங்கமீன்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எப்பாக்சி ரெசினில் (ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) அடுக்கு ஓவியம் முயன்றேன். 30×40 செ.மீ. பலகை. மங்கிய நிறம் வேண்டுமென்று ஒவ்வொரு அடுக்கிலும் சாம்பல் நிற அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்தேன். சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது அடுக்கில் பிசுபிசுப்பும் போகவில்லை. எங்கே தவறு?

க.

அன்புள்ள க.,

அக்ரிலிக்கை ரெசினுக்குள் கலந்ததுதான் தவறு. அதிலுள்ள தண்ணீர் ரெசினைக் கலங்கடிக்கும், இறுகவும் விடாது. ஃபுகாஹோரி தெளிந்த ரெசினை ஊற்றி, இறுகிய பிறகு அதன்மேல் அக்ரிலிக்கில் தீட்டி, காய்ந்ததும் மறுபடி ஊற்றுகிறார். மேலிருந்து நாம் பார்க்கும் மீன் அது. கீழ்த்துடுப்பு அடியில், உடல் நடுவில், முதுகு மேலே. ஒவ்வொரு அடுக்கின் நிழலும் கீழடுக்கில் விழுகிறது. அந்த நிழல்தான் ஆழம். 2011இல் லண்டனில் காட்சிக்கு வந்த மீன்கள் உயிருள்ளவை போலத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

நீங்கள் தேடும் மங்கலுக்கு மட்டும் ரெசினிலேயே நிறம் வேண்டும். ரெசினுக்கென்றே விற்கும் நிறமிப் பசையை வாங்குங்கள். 100 கிராமுக்குப் பல்குச்சி நுனியில் ஒட்டுகிற அளவு வெள்ளை போதும். ஒரு செய்தித்தாளின் மேல் கண்ணாடித்தாளை விரித்து 3 மி.மீ. ஊற்றிப் பாருங்கள். கீழே எழுத்தை லேசான பனி மூடியதுபோல் தெரிந்தால் சரி; படிக்கவே முடியாவிட்டால் நிறமி அதிகம். மேலே ஊற்றும் ஒவ்வொரு அடுக்கும் ஒரு திரையாக விழப்போகிறது என்பதால் அடியில் உள்ள உருவத்தை வேண்டியதைவிட அழுத்தமாகத் தீட்டவேண்டும். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்: அடியிலேயே மங்கலாகத் தீட்டிவிட்டால் மூன்றாவது அடுக்கில் அது காணாமல்போய்விடும்.

உங்கள் பலகைக்கு 3 மி.மீ. அடுக்கு என்றால் 360 மி.லி. கலவை. உங்கள் ரெசின் 2:1 வகையானால் 240 மி.லி. ரெசின், 120 மி.லி. ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). இது கொள்ளளவுக் கணக்கு. தராசில் நிறுத்தால் விகிதம் மாறும், டப்பாவில் எடைக்கணக்கு தனியாக இருக்கும். நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்கி, சுவரையும் அடியையும் வழித்து, இன்னொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். கோப்பைச் சுவரில் ஒட்டிக் கலக்காமல் நின்றதை வழித்து ஊற்றினாலும் பிசுபிசுப்பு வரும். அதிகம் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள், சரியாக இறுகாது.

ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள், இல்லையேல் படலம் உள்ளே புதைந்து அடுத்த அடுக்கு உரியும். 220 நம்பர் தாள் போட்டதும் பரப்பு வெளுத்துப்போகும். பயப்படவேண்டாம், அடுத்த ரெசின் பட்டதும் தெளிந்துவிடும். தேய்க்கையில் முகமூடி, ஊற்றுகையில் நைட்ரைல் கையுறை கட்டாயம். ரெசின் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

இப்போது உள்ள பலகையில் மூன்றாவது அடுக்கின் மேல் எதையும் ஊற்றாதீர்கள். இறுகாததைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.