பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி வாங்கும்போது முதலில் முன்பாதியைச் சோதியுங்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறது. விளைச்சல் ஏற்றவும் வீட்டாட்களைக் கூட்டிப்போகவும் பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பானட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த ரக வண்டியில் எஞ்சின் இரண்டாவது விஷயம். எஞ்சினுக்குத் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆளும் உண்டு, சாமானும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன்பக்க ஜாயின்ட் ராடு (அங்கிருந்து முன்னால் போகும் சுழல் தண்டு), முன் கிரவுன் (அந்தச் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் திருப்பும் பல்சக்கரப் பெட்டி), ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் நடுப்பகுதி) ஆகியவற்றுக்குத்தான் நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள். பழைய வண்டிகளில் இந்த முன்பாதி ஒன்று வருடக்கணக்கில் சும்மா கிடந்து இறுகிப்போயிருக்கும், இல்லையென்றால் தார்ச்சாலையில் போட்டு ஓட்டி அடி வாங்கியிருக்கும்.

எந்த வண்டி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்குதான் பிரதானம் என்றால் பொலீரோ கேம்பர் ஃபோர் வீல். ஆட்கள்தான் அதிகம் என்றால் பழைய பொலீரோ ஃபோர் வீல், ஸ்கார்ப்பியோ ஃபோர் வீல், ஃபோர்ஸ் கூர்க்கா, 2010 முதல் 2020 வரை வந்த பழைய உருவ மஹிந்திரா தார் ஜீப். கேம்பர் பெரும்பாலும் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருக்கும். ஆர்சியில் எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏறலாம். பின்னால் தொட்டியில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் அது சூடேறிக் கரியை எரிக்க வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். உங்கள் பயன்பாட்டுக்குப் பிஎஸ் 3, பிஎஸ் 4 வண்டிதான் தோது.

இனி சோதனை. இந்த வண்டிகளில் முன், பின் ஜாயின்ட் ராடுகளுக்கு நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அதைச் சமாளிக்கும், தார்ச்சாலையில் சறுக்காது. அந்த முறுக்கு முழுவதும் செயினிலும் பல்லிலும் கிராஸிலும் (ராடின் முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பு) ஏறும். ஆகவே ஃபோர் வீல் சோதனையை மண் தரையில்தான் செய்ய வேண்டும். விற்பவர் ரோட்டிலேயே போட்டுக் காட்டினால், வண்டி இதுவரை எப்படி ஓடியது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) கையால் சுற்றினால் சக்கரம் சுற்ற வேண்டும். ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டால் கொஞ்சம் ஆடி, டக்கென்று பிடித்து நின்றுவிட வேண்டும். ஹப்பைக் கையால் லாக் செய்யும் வண்டியில் இரண்டு பக்கமும் லாக் செய்த பிறகு பாருங்கள். வெற்றிட இழுப்பால் தானாக லாக் ஆகும் வேக்கம் ஹப் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். தூக்குவதற்கு முன்பே ஃபோர் ஹை போட்டு வண்டியை ஓரடி முன்னே பின்னே நகர்த்திவிட்டால் பல் சரியாக உட்கார்ந்துவிடும். ஃபோர் ஹையிலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒருவரைக் குனிந்து முன் ஜாயின்ட் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தோடு ராடும் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடிக்கவில்லை. ராடு அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஹப்பிலோ ஆக்ஸில் ஷாஃப்டிலோ கோளாறு. வேக்கம் ஹப் உள்ள வண்டியில் பல நேரம் கிழிந்த வேக்கம் குழாய்தான் காரணமாக இருக்கும், சின்னச் செலவு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு மண் தரையில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், மறுபக்கம் ஒரு வட்டம். கட கடவென்று சத்தம் வந்தால் சிவி ஜாயின்ட் அல்லது உள்ளே இருக்கும் கிராஸ் போய்விட்டது. ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் நிலை) வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு மேட்டில் ஃபோர் லோ முதல் கியரில் ஏற்றும்போதும், அதே மேட்டில் காலை எடுத்துவிட்டு இறக்கும்போதும் லீவர் தானாக வெளியே வரக் கூடாது. முன்னால் கமான் பட்டை வைத்த பழைய வண்டியானால் சக்கரத்தின் பின்னால் இருக்கும் உருண்டை நக்கிளைத் தடவிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு பரவாயில்லை, சொட்டினால் சீல் போயிருக்கிறது. குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் நடுங்கினால் கிங் பின் பேரிங்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போனவுடன் ரேடியேட்டர் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது சகஜம். குப் குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. காமன் ரெயில் எஞ்சினில் (உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் புதிய வகை) இன்ஜெக்டர் சந்தேகம் இருந்தால், நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி நான்கு சிறு பாட்டில்களில் விட்டு சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் டீசல் அதிகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. இதைச் செய்ய மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

நம் பகுதிக்கே உரிய சில விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் குவாரியில் ஓடிய வண்டிகள் நல்ல பெயின்டோடு பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளுக்கு வரும். வெளியே கழுவினாலும் கல்தூள் உள்ளே தங்கியிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், கதவின் அடி ஓரத்து ஓட்டைகளில் விரலை விட்டுப் பாருங்கள். மைதா போன்ற வெள்ளைத்தூள் ஒட்டினால் குவாரி வண்டி. அப்படியானால் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள குழாயைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடையுங்கள். துணியில் மண் ஏறினால், அந்தத் தூள் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

மாங்காய் ஏற்றிய பிக்கப்புகளில் நோய் வேறு. பின் கமானில் எத்தனை பட்டை என்று எண்ணி, கம்பெனி கணக்கோடு ஒப்பிடுங்கள். கூடுதல் பட்டை செருகியிருந்தால் அளவுக்கு மீறி ஏற்றிய வண்டி. பின் டயர்கள் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் ஹவுசிங் வளைந்திருக்கலாம். கமான் பிராக்கெட் சேஸியில் சேரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலும் வெல்டிங் பற்றும் அங்கேதான் இருக்கும்.

பெங்களூரு பக்கத்திலிருந்து வரும் தார் ஜீப்கள் பல பளபளப்பாக இருக்கும். பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் இருந்தால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் சீக்கிரம் போகும், எஃப்சியிலும் பதிவுப் புதுப்பிப்பிலும் தகராறு வரும். கேஏ (கர்நாடகா) பதிவு வண்டிக்கு அங்கிருந்து ஃபார்ம் 28 என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். அது உங்கள் ஆர்டிஓவின் பெயருக்கே இருக்க வேண்டும்: தர்மபுரி என்றால் டிஎன் 29, கிருஷ்ணகிரி என்றால் டிஎன் 24, ஓசூர் என்றால் டிஎன் 70. தமிழ்நாட்டில் வரியை மறுபடியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு என்று தோன்றிய விலை பல நேரம் மலிவாக இராது. லோன் முடிந்திருந்தால் ஃபார்ம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. அபராத பாக்கியை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லா எண்ணெயையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். முன் கிரவுன், பின் கிரவுன், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், எஞ்சின், பிரேக் ஆயில், கூலன்ட், டீசல் ஃபில்டர். வாங்கும் விலையில் பத்துச் சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பேரம் பேசினால் இது பாரமாகத் தெரியாது. கிரவுனில் ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது வருகிறது என்று உறுதியான பிறகே அடி போல்ட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரிடும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அடி போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் சொட்டுவதைக் கவனியுங்கள். ஓடையில் இறங்கிய வண்டியில் தண்ணீர் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். ஆயிலே பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்து அரைபட்டிருக்கிறது. சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வரும் பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, முடிந்தால் குழாய் மாட்டி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். போல்ட்டின் காந்தத்தில் கரும்பசை மாதிரி இரும்புப்பொடி ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்துகிற சில்லு இருந்தால் கிரவுனைத் திறந்தே ஆக வேண்டும்.

கிரவுனுக்குப் பொதுவாக ஜிஎல்-5 ரகக் கியர் ஆயில். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றினால் சில வண்டிகளில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கெடும், அங்கே ஜிஎல்-4 கேட்பார்கள். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்குக் கியர் ஆயிலே ஆகாது, ஆட்டோமேட்டிக் கியருக்கான ஏடிஎஃப் எண்ணெய்தான். மேனுவலைப் பார்த்து ஊற்றுங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து வேண்டாம்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு, எவ்வளவு கடினம் என்பது வீட்டுப் பாத்திரத்திலேயே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கத்தைய ஃப்ளோரைடு காரணமாக வந்ததுதான். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது. சரக்கோடு வத்தல்மலை ஏறும்போதுதான் முள் சிவப்புக்குப் போகும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி என்று கலந்து ஊற்றுங்கள்.

ஜாயின்ட் ராடுகளின் கிராஸ், ஸ்லிப் யோக் நிப்பிள்களுக்கு 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும், சேற்றில் இறங்கிய வாரம் கழுவியதும் உடனே. கிராஸின் நான்கு பக்கமும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் வராவிட்டால் அந்தக் கப் காய்ந்துகொண்டிருக்கிறது. டீசல் ஃபில்டரின் அடித்திருகை மாதம் ஒரு தடவை திறந்து தண்ணீரை இறக்குங்கள். டிராக்டருக்கு வைத்த கேன் டீசலைக் காமன் ரெயில் வண்டியில் ஊற்றாதீர்கள்.

மாதம் ஒரு நாள் மண் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஃபோர் ஹையில் ஓட்டுங்கள், கொஞ்ச தூரம் ஃபோர் லோவிலும். முன் கிரவுனில் எண்ணெய் மேலே ஏறி சீல் காயாமல் இருக்கும், கியரை நகர்த்தும் ஃபோர்க் இறுகாது. லீவர் வெளியே வர மறுத்தால் பலம் காட்டாமல் நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டுப் போகும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று போட்டால் மண்ணில்கூட முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்பேரையும் சேர்த்து ஐந்தையும் சுழற்சியில் மாற்றி வாருங்கள்.

அஞ்செட்டி, உரிகம், சித்தேரி பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் வண்டியிலேயே ஒரு டீசல் ஃபில்டர், ஒரு ஃபேன் பெல்ட், ஜாயின்ட் ராடு கிராஸ் ஒன்று, மேல் கீழ் ரேடியேட்டர் குழாய், அரை மீட்டர் வேக்கம் குழாய், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிப் பலகை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பின் ஜாயின்ட் ராடு கிராஸ் வழியில் உடைந்தால், அந்த ராடைக் கழற்றிவிட்டு ஃபோர் ஹையில் முன் சக்கர இழுப்பிலேயே மெதுவாக ஊர் வந்து சேரலாம். ஆனால் சில பழைய ஜீப் வகைகளில் ஹேண்ட் பிரேக் அந்த ராடில்தான் இருக்கும், சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ராடு நுழையும் முனை வழியாக ஆயில் ஒழுகும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.