அடக்கம் என்றால் அடங்கிப் போவதா? – கேள்வி பதில்

அடக்கம், பணிவு, தன்னடக்கம் ஆகிய சொற்களைப் பற்றி வந்த கேள்விகளும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்ன பதில்களும்.

கேள்வி: ஐயா, அடக்கம், பணிவு, தன்னடக்கம் மூன்றும் ஒன்றுதானே?

பதில்: பேச்சில் கலந்துதான் புழங்குகிறோம். ஆனால் பணிவு காட்ட எதிரே ஒருவர் வேண்டும். பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம், குரலைத் தாழ்த்துகிறோம், அது பணிவு. தன்னடக்கத்துக்கு எதிராள் தேவையில்லை, பெருமைப்பட ஏதாவது கையில் இருக்க வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கியவர் அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் தன்னடக்கம். ஒன்றுமே வாங்காதவர் சும்மா இருந்தால் அந்தச் சொல் பொருந்தாது!

அடக்கம் இவை இரண்டையும்விட அகலமானது. திருக்குறளில் 13-ஆம் அதிகாரம் 'அடக்கமுடைமை'. அதன் பத்துக் குறள்களில் பின்பாதி முழுக்க ஐம்புலன், நாக்கு, கோபம் இவற்றைக் கட்டுக்குள் வைப்பது பற்றித்தான். 'யாகாவா ராயினும் நாகாக்க' அங்கேதான் வருகிறது, 'தீயினாற் சுட்டபுண்'ணும் அங்கேதான். வாட்ஸ்அப் குழுவில் சூடாக ஒன்றைத் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் அழிக்கிறீர்களே, வள்ளுவர் கணக்கில் அதுவும் அடக்கம்.

கேள்வி: கைக்கு அடக்கமான போன், அடக்க விலை, நல்லடக்கம்... எல்லாம் அதே சொல்லா?

பதில்: அதேதான். எல்லாம் 'அடங்கு' என்பதிலிருந்து வந்தவை. கைக்குள் அடங்கும் போன், ஆன செலவெல்லாம் அடங்கிய விலை, மண்ணுக்குள் அடங்கும் உடல். ஊரடங்கும் இந்தக் குடும்பம்தான்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு வேலைக்கான நேர்காணல். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் வாயே வரமாட்டேன் என்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னால் தற்பெருமை ஆகிவிடாதா சார்?

பதில்: உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம் தம்பி. பவணந்தி முனிவர் தம் இலக்கண நூலான நன்னூலில் இதற்கு விதியே போட்டிருக்கிறார். எத்தனை பெரிய நூல் எழுதினாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் சொல்கிறார். நூலைப் பாராட்டும் பாயிரத்தை, அதாவது முன்னுரையைக்கூட நூலாசிரியர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும்.

ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

உங்கள் விண்ணப்பம் அந்த ஓலை. நேர்காணல் செய்பவர்களுக்கு உங்கள் ஆற்றல் தெரியாது. ஆக, நான்கில் இரண்டு உங்கள் பக்கம் இருக்கிறது, தைரியமாகச் சொல்லுங்கள். செய்த வேலையைச் சொல்லுங்கள், 'நான் கெட்டிக்காரன்' என்பதை அவர்கள் சொல்லட்டும். "ஏதோ கொஞ்சம் தெரியும் சார்" மட்டும் வேண்டாம். நம் வீட்டில் அது அடக்கம். அங்கே அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

கேள்வி: "இந்த மேடையில் நிற்க எனக்குத் தகுதியே இல்லை" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். இது அடக்கமா, நடிப்பா?

பதில்: மரபு. அவையடக்கம் என்று அதற்குப் பெயரே உண்டு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் போன பூனை மாதிரி நான் ராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார் கம்பர். பெரியபுராணத்தில் சேக்கிழார் தன்னைக் கடலைக் குடிக்க ஆசைப்படும் நாய் என்கிறார். சொல்லிவிட்டுக் கம்பர் பாடியது பத்தாயிரம் பாட்டுக்கு மேல். எனவே நேரத்தை வைத்து மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பேச்சில் சரக்கு இருந்தால் மன்னித்துவிடலாம்.

கேள்வி: சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றால் அம்மா உடனே "உப்பு தூக்கலா இருக்கே" என்கிறார். நிஜமாகவே தூக்கலாக இருப்பதில்லை. ஏன் இப்படி?

பதில்: கண்பட்டுவிடும் என்ற பயம் பாதி, இன்னொரு தடவை சொல்லட்டுமே என்ற ஆசை பாதி. "இல்லம்மா, சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: 'அடக்கமான பெண் தேவை' என்று மணமகள் தேடும் விளம்பரம் வருகிறதே. இதுவும் வள்ளுவர் சொன்னதா?

பதில்: இல்லை அம்மா. அடக்கமுடைமையில் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு என்று ஒரு குறளும் இல்லை. விளம்பரக்காரர் கேட்பது எதிர்த்துப் பேசாத ஆளை. 'அடக்கமான மாப்பிள்ளை தேவை' என்ற விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அடக்கம் என்பது தானாக வருவது. அடுத்தவர் கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் அடக்குமுறை.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். சட்டத்தில் பெண்ணின் 'மாடஸ்டி'யைக் குலைப்பது குற்றம் என்று வருகிறது. அடக்கம் என்று போடலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 74-ஆம் பிரிவானது அது. தமிழ் நாளிதழ்கள் 'மானபங்கம்' என்று எழுதுகின்றன. அந்தப் பெண் அடக்கமாக இருந்தாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்கு எதிரான குற்றத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'அடக்கம்' என்று போட்டால் பழி பாதிக்கப்பட்டவர் தலையில் விழும்.

கேள்வி: எனக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கிறது. "மிகுந்த தன்னடக்கத்துடன் பகிர்கிறேன்" என்று முகநூலில் போடலாமா ஐயா?

பதில்: தன்னடக்கம் இருக்கிறது என்று நாமே சொன்னால் அது அப்போதே போய்விடும். "பரிசு கிடைத்தது, ரொம்ப சந்தோஷம்" என்று போடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, எதற்குப் பரிசு என்று சொல்லவே இல்லையே?