மேல பாத்தா யாருமே இல்லையே, ஆச்சி

ஆச்சிக்கு வணக்கம். நான் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடில இன்ஜினியரிங் முடிச்சிட்டு சென்னைல ஓஎம்ஆர் ஐடி கம்பெனில ஆறு வருஷமா டெவலப்பரா இருக்கேன். எங்க ஃப்ளோர்ல நாப்பத்தஞ்சு வயசு தாண்டியும் ப்ரோக்ராம் கோடு எழுதுற ஆம்பளைங்க இருக்காங்க, பொம்பளைங்க ஒருத்தர்கூட இல்ல. வீட்ல கல்யாணப் பேச்சு எடுத்துட்டாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு நான் எப்படி இருப்பேன்னு யாரப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?
- ஒரு வாசகி

ஆத்தா,

உன் கடிதத்த மூணு தடவ படிச்சேன். நானும் உன்ன மாதிரி கோடு எழுதுனவதான், நீ தேடுற ஆளா நான் அங்க இருந்திருக்கணும்.

2003ல எனக்கு ரெண்டாவது பிரசவம், அப்பல்லாம் லீவு பன்னெண்டு வாரந்தான், இருபத்தாறு வாரம்னு ஆனது 2017லதான், திரும்பிப் போனா என் மாட்யூல், ப்ரோக்ராம்ல நான் எழுதுன பகுதி, வேற ஒருத்தர் கைல இருக்கு, என்னைய விளக்கக் குறிப்பு எழுதுற டாக்குமெண்டேஷன்ல போட்டாங்க, கைக்குழந்த இருக்குல்ல, வேல லேசா இருக்கும்னு நல்ல மனசோடதான் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். ரெண்டு வருஷம் கோடு தொடல. அதுக்குள்ள ஜாவா லாங்குவேஜே மாறிப்போச்சு. அப்புறம் வேலைய விட்டு ஊருக்கு வந்துட்டேன். போகச் சொல்லி யாரும் சொல்லல. என்கூட சேந்த பொண்ணுங்க பல பேரு இப்படித்தான் சத்தமில்லாம போனாங்க.

நிக்க முடிஞ்ச எடத்துல நின்னிருக்காங்க ஆத்தா. செங்கோட்டை நிகர் ஷாஜி 1987ல இஸ்ரோல சேந்தாங்க, 2023ல சூரியன ஆராய ஆதித்யா எல்1 கெளம்புனப்ப அவங்கதான் ப்ராஜெக்ட் டைரக்டர். நடுவுல 36 வருஷம்! சந்திரயான் 2க்கு வனிதா. லீவு முடிஞ்சு வந்தா நாற்காலி அங்கயே இருக்கும்ங்கறது சர்க்கார் வேலைல பெரிய விஷயம்னு நான் நெனைக்கிறேன்.

இன்னும் பின்னாடி போனா லலிதா, நம்ம நாட்டு முதல் பெண் இன்ஜினியர்கள்ல ஒருத்தர். பதினெட்டு வயசுல கைக்குழந்தையோட விதவை. அப்பா கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியார், அவரே முயற்சி பண்ணி அங்க சேத்துவிட்டாரு, 1943ல எலக்ட்ரிக்கல்ல பட்டம். சர்டிஃபிகேட்ல 'அவன்'னுதான் அச்சடிச்சிருந்துச்சாம், அத அடிச்சிட்டு 'அவள்'னு கையால எழுதிக் குடுத்தாங்களாம். பக்ரா நங்கல் அணைக்கு மின்சார லைன் டிசைன் பண்ணதுல அவங்க வேலையும் உண்டு. பொறந்த வீடு அவங்க மகளப் பாத்துக்கிச்சு, அதனால முடிஞ்சுது. இத யாரும் அழுத்திச் சொல்றதில்ல, அதான் எனக்கு வருத்தம்.

எங்க அப்பத்தா கணக்கு நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு. ஐயா, அதான் தாத்தா, ரங்கூன்ல கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போயிருந்தப்ப, வீட்டுக்குள்ள ரெண்டாங்கட்டுல உக்காந்து வட்டிக் கணக்கு பைசா பிசகாம எழுதுனவங்க. வீட்டு வளவு முத்தத்துல மாட்டிருக்கிற படமெல்லாம் ஐயாக்கமாரு படந்தான். அப்பத்தாவ அந்தக் கையெழுத்துலதான் பாக்கணும்.

உனக்கு நான் சொல்றது, கல்யாணம் பண்ணிக்க, குழந்த பெத்துக்க, ஆனா லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே திரும்பி வந்தா இதே வேலைதான்னு மேனேஜர்ட்ட மெயில்ல வாங்கிரு. லேசான வேலைன்னு யாராச்சும் நீட்டுனா வாங்காத. மாப்பிள வீட்டுலயும் குழந்தைய யாரு பாப்பாங்கன்னு இப்பவே கேளு, பேச்சு நடக்கறப்பவே, வெக்கப்படாம.

எனக்கு இப்ப 52. நாலு வருஷமா காரைக்குடில பிள்ளைகளுக்குப் பைத்தான் லாங்குவேஜ் சொல்லிக் குடுக்குறேன், நானும் தெனமும் கோடு எழுதுறேன். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தா வீட்டுக்கு வா. லேப்டாப்பையும் எடுத்துட்டு வா, எங்க மாட்டி நிக்குதோ சேந்து பாப்போம்.